கருவியும் கர்த்தாவும்

ஒரு காரியம் செம்மையாக முடிந்தால் அந்தச் செம்மைக்கு உரியவன் அதைச் செய்த மனிதனா, அல்லது அவன் கையில் இருந்த கருவியா என்ற கேள்வி தத்துவ நூல்களின் ஏடுகளுக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று. பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில், பழைய வீடுகள் நின்ற மனைகளில் மாடிமேல் மாடியாக எழும்பும் குடியிருப்புகளுக்குள் துணி அலமாரியும் சமையலறைப் பெட்டிகளும் செய்துகொடுக்கும் தச்சர்களின் நடுவிலும் அது நாள்தோறும் எழுகிறது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை நூல் பிசகாமல் அறுக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மைக்காவின் விளிம்பில் ஒரு சில்லுகூடத் தெறித்திருக்கலாகாது. இரண்டு கதவுகள் சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி ஓட வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் இந்த நேர்கோட்டைத் தச்சரின் கண்ணும் மணிக்கட்டும் பல்லாண்டுப் பயிற்சியால் ஈட்டிக்கொண்டன. இன்றோ, அலுமினியத் தண்டு ஒன்றின்மேல் வழுக்கிச் செல்லும் மின்சார வட்ட ரம்பம், தொழிலுக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞனுக்கும் அதே கோட்டை அளித்துவிடுகிறது. அப்படியானால் அந்தக் கோட்டின் பெருமை யாரைச் சேரும்? மேலும், எந்த ரம்பத்தை வாங்குவது என்பது கடைக்காரரோடு பேசி முடித்துக்கொள்ளும் வெறும் கொடுக்கல் வாங்கலா, அல்லது தர்மத்தின் எல்லைக்குள் வரும் ஒரு செயலா? அது தர்மத்தைச் சேர்ந்ததே என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களை நிதானமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்ட ரம்பத்தின் சரித்திரத்திலேயே சமய வாசனை உண்டு. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் 1777-இல் அத்தகைய ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் உழைப்பையே வழிபாடாகக் கொண்ட ஷேக்கர் என்னும் கிறிஸ்தவத் துறவுச் சமூகத்தாரோ, இருவர் இழுக்கும் ரம்பம் ஒரு திசையில் வெட்டி மறு திசையில் வீணே திரும்புவதைக் கண்ட தபிதா பாபிட் என்ற தங்கள் சகோதரி, 1813-ஐ ஒட்டி, இழுப்பு எதுவும் வீணாகாத வட்ட அலகைத் தம் சிந்தையால் கண்டார் என்று தங்கள் மரபில் வழங்கி வருகிறார்கள். முந்தியவர் யார் என்ற வழக்கில் நாம் புக வேண்டியதில்லை; வழிபாட்டுக்கும் ரம்பத்துக்கும் பகையில்லை என்று ஒரு பக்தர் கூட்டம் கருதியதே நமக்கு வேண்டிய செய்தி. பின்பு, 1924-இல் அமெரிக்காவில் எட்மண்ட் மிஷேல் என்பவரின் நிறுவனம் கையில் தூக்கிச் செல்லத்தக்க மின்ரம்பத்தை வழங்கத் தொடங்கிற்று. அந்த ரம்பம் ஓடுவதற்கு ஒரு வழித்தண்டை 1960-களில் ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. அதன் வழிவந்ததே இன்றைய ஃபெஸ்டூல். தொழிலாளர் வாயில் அத்தண்டில் ஓடும் ரம்பம் டிராக் சா என்றும், தண்டு கைடு ரெயில் என்றும் வழங்குகிறது.

இதன் அமைப்பைச் சற்றே அருகில் நின்று பார்ப்பது நன்று. தண்டின் அடியில் வழுக்காதபடி பிடித்துக்கொள்ளும் மென்மையான பட்டைகள். மேலே ரம்பத்தின் அடித்தட்டு கவ்வி ஓட ஒரு மேடு. வெட்டு விழும் பக்கத்தில் ரப்பர் போன்ற ஓர் உதடு. புதுத் தண்டின் இந்த உதடு வேண்டிய அளவைவிடச் சிறிது நீண்டே இருக்கும். முதல்முறை ரம்பத்தை அதன்மேல் ஓட்டும்போது, உதட்டின் மிகுதியை ரம்பமே அறுத்து எறிகிறது. அந்தக் கணம் முதல் உதட்டின் விளிம்பும் அலகின் பாதையும் ஒன்றே. பலகையில் பென்சிலால் குறித்த இரண்டு புள்ளிகளின்மேல் அந்த விளிம்பை வைத்துவிட்டால், வெட்டு அங்கேதான் விழும். அதோடு, கீழிருந்து மேல்நோக்கி எழும் பற்கள் மைக்காவைப் பெயர்த்துவிடாதபடி அந்த உதடு மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. விசையை விட்டுக் கையைத் தளர்த்தினால் அலகு தன் உறைக்குள் தானே ஏறி மறைகிறது.

இத்தகைய வசதிக்கு எதிராக எழக்கூடிய ஆட்சேபங்களில் மிகவும் ஆழமானதைச் சீன ஞானி சுவாங்ட்ஸுவின் நூல் ஒரு கதையாகச் சொல்கிறது. கன்பூசியஸின் சீடர் ட்ஸு குங் வழிப்பயணத்தில், குடத்தை ஏந்திக் கிணற்றுக்குள் இறங்கி நீர் மொண்டு வந்து பாத்திகளுக்கு ஊற்றும் ஒரு கிழவரைக் கண்டு, ஏற்றம் ஒன்று அமைத்தால் ஒரு நாளில் நூறு பாத்திக்கு இறைக்கலாமே என்று இரங்கி யோசனை சொல்கிறார். கிழவரோ, யந்திரம் உள்ள இடத்தில் யந்திரக் கவலைகள் சேரும் என்றும், அவை சேர்ந்தால் நெஞ்சமும் யந்திரமாகிவிடும் என்றும், ஏற்றத்தை அறியாமல் அல்ல, அதைப் பயன்படுத்த நாணியே விலக்கியதாகவும் மறுமொழி கூறுகிறார். ஏற்றத்துக்கே இந்த மறுப்பு என்றால், நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுச் சுழலும் மின்ரம்பத்துக்கு எத்தகைய மறுப்பு வரும்!

இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. நம் உழவர்கள் ஏற்றத்தை விலக்கவில்லை. அதன் மரத்தின்மேல் ஏறியும் இறங்கியும் நடந்துகொண்டே பாடினார்கள். இறைத்த சாலுக்கு எண்ணிக்கை வைக்கவும், மூச்சுக்கும் மிதிக்கும் ஒத்திசைவு வைக்கவும் பிறந்த அந்த ஏற்றப்பாட்டின் அடுத்த அடி என்னவாக இருக்குமென்று தெரியாமல், கவிச்சக்கரவர்த்தி கம்பனே கிணற்றங்கரையில் நின்றுவிட்டதாக ஒரு கதை நம்மிடையே வழங்குகிறது. கிழவர் அஞ்சியது போல் ஏற்றம் இந்த மண்ணின் நெஞ்சத்தை யந்திரமாக்கிவிடவில்லை. ஆகவே யந்திர நெஞ்சம் கருவியிலிருந்து பிறப்பதன்று. அவசரத்திலிருந்தும், வேலையைக் கூலியின் பெயராக மட்டும் கருதும் மனப்பான்மையிலிருந்தும் பிறப்பது. உளியும் கொட்டாப்புளியும் மட்டுமே பிடிப்பவனிடத்திலும் அது குடிகொள்ளலாம். மின்ரம்பம் பிடித்தவனிடத்தில் அது இல்லாமலும் இருக்கலாம்.

கருவிக்கு உரிய இடம் எது என்பதைச் சைவ சித்தாந்திகளைப் போலத் தெளிவாக வகுத்தவர் சிலரே. எந்தக் காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்று உண்டென்றும், குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்றும் விளக்கிவிட்டு, அவ்வாறே உலகத்துக்கு மாயை முதற்காரணமாகவும், சக்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்த காரணமாகவும் நிற்பதை அவர்கள் நிலைநாட்டுகிறார்கள். இந்த உவமையில் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குயவனின் சக்கரம் நிற்கும் அதே நிலையில்தான் அவர்கள் சக்தியை நிறுத்துகிறார்கள். கருவியை இழிந்த பொருளென்று எண்ணியிருந்தால் பராசக்திக்கு அந்த ஸ்தானத்தைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வந்திருக்குமா? மகாநவமியன்று தச்சர்கள் உளிக்கும் இழைப்புளிக்கும் ரம்பத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று ஒரு நாளாவது அவற்றை வேலை வாங்காமல் ஓய்வு கொடுத்து வணங்கும் ஆயுதபூஜையின் உட்பொருள் இதுவே. ஜீவனஹள்ளியின் தெருக்களில் அந்த நாளில் ஆட்டோ ரிக்‌ஷாவும் தையல் இயந்திரமும் மின்ரம்பமும் ஒரே வரிசையில் மாலை சூடி நிற்கும்போது, பழைய கருவி புனிதமென்றும் புதிய கருவி புனிதமன்றென்றும் பேதம் பாராட்டாத ஒரு தெளிந்த தத்துவம் அங்கே அனுஷ்டிக்கப்படுகிறது.

கருவிக்கு மதிப்புக் கொடுப்பதால் செய்கிறவனின் பொறுப்பு குறைந்துபோவதில்லை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், எந்தச் செயலுக்கும் அதிஷ்டானம், கர்த்தா, பல்வேறு கரணங்கள், பலவகை முயற்சிகள், தெய்வம் என ஐந்து ஹேதுக்களை எண்ணி வைத்து, நானே செய்தேன் என்று தன்னை மட்டும் கர்த்தாவாகக் காண்பவனை அறிவு முதிராதவன் என்று ஒதுக்குகிறது. நேர்கோடு தன் மணிக்கட்டுக்கே சொந்தம் என்று தருக்கிய பழைய தச்சனும், அது தன் விலையுயர்ந்த ரம்பத்துக்குச் சொந்தம் என்று காட்டிக்கொள்ளும் புதிய தச்சனும் இந்த விசாரணையில் ஒரே பிழையைச் செய்தவர்களே. மரத்தின் ரேகை, பலகையைத் தாங்கும் மேடை, அலகின் கூர்மை, தள்ளும் கையின் நிதானம், இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்ட ஒன்று ஆகிய அனைத்தும் கூடிய இடத்தில்தான் கோடு நேராக விழுகிறது. வழித்தண்டு செய்தது ஒன்றுதான்: நேராக ஓட்டும் பாரத்தை மணிக்கட்டிலிருந்து இறக்கி, எங்கே வெட்ட வேண்டும், எந்த முகம் மேலே இருக்க வேண்டும், அலகு தின்னும் இரண்டு மில்லிமீட்டர் அகலம் கோட்டின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் விவேகத்தின்மேல் ஏற்றி வைத்தது. கையின் திறமைக்கு இருந்த பெருமை அழியவில்லை; அது இடம் மாறியிருக்கிறது.

யந்திரத்தைப் பற்றிய விசாரணையில் மகாத்மாவை விட்டுவிட முடியாது. 1924-இல் இளைஞர் ஜி. ராமச்சந்திரன் (பின்னாளில் 1947-இல் சௌந்தரம் அம்மையாரோடு திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவியவர் இவரே) அவரைக் கண்டு, எல்லா யந்திரங்களையுமே நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, தாம் எதிர்ப்பது யந்திர மோகத்தையே அன்றி யந்திரத்தை அன்று என்று விளக்கிய காந்தியடிகள், சிங்கர் தையல் இயந்திரத்தைத் தம் மறுப்புக்கு விலக்காக எடுத்துக் காட்டினார். மனிதனே தலையாய கருத்து. அவனுடைய அவயவங்களை முடக்கிப்போடாத யந்திரத்துக்கு இடமுண்டு என்பதே அவர் வைத்த உரைகல்.

அந்த உரைகல்லில் நம் ரம்பத்தை உரசிப் பார்க்கலாம். இன்று பல வீடுகளில் பிளைவுட்டை அறுப்பது கைரம்பமன்று. கல் அறுப்பதற்கென்று செய்த நாலங்குல மார்பிள் கட்டரில் பல்வைத்த அலகை மாட்டி, நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாத வேகத்தில், ஒரு பலகைச் சட்டத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு அறுக்கிறார்கள். அலகுக்குப் பின்னே பிளவை விரித்துப் பிடிக்கும் தகடு அதில் இல்லை. மரம் அலகைக் கவ்வினால் யந்திரம் பின்னோக்கித் துள்ளி வரும். துள்ளிய அலகைத் தானாக மூடும் உறையும் அதில் இல்லை. அடைத்த அறைக்குள் எழும் தூசியோ நேரே சுவாசத்தில் ஏறுகிறது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. மணிக்கட்டு அவயவம் என்றால் நுரையீரலும் அவயவமே, விரல்களும் அவயவங்களே. அலகை உறைக்குள் அடக்கி, தூசியின் பெரும்பகுதியைக் குழாய்வழி உறிஞ்சும் கருவியோடு இணைத்துக்கொள்ள இடம் தந்து, துள்ளலையும் தணிக்கும் இந்த ரம்பம் காந்தியடிகளின் சோதனையில் தேறுகிறது என்றே நான் கருதுகிறேன்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறை. திருவள்ளுவர் வினை செயல்வகை என்ற அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் பொருள், கருவி, காலம், வினை, இடம் என்ற ஐந்தையும் மயக்கம் தீர எண்ண வேண்டும் என்று வகுத்திருக்கிறார். கருவியை அவர் ஐந்தில் ஒன்றாக வைத்தாரே தவிர, தனியே நிறுத்தவில்லை. அதனால் ரம்பம் வாங்கப் போகிறவர் மற்ற நான்கையும் முதலில் எண்ணிவிட வேண்டும்.

வினையை எண்ணினால், அலமாரி வேலையில் பெரும்பாலும் வருவது 18 மில்லிமீட்டர் பலகை. கதவுச் சட்டம் அதைவிடத் தடிப்பு. 160 அல்லது 165 மில்லிமீட்டர் அலகு சுமார் 55 மில்லிமீட்டர் ஆழம் வெட்டும். இந்தத் தொழிலுக்கு அது தாராளம். மைக்கா ஒட்டிய பலகைக்கு நாற்பத்தெட்டுப் பல் அலகும், தேக்கை நீளவாட்டில் பிளப்பதற்குப் பற்கள் குறைந்த அலகும் தனித்தனியே வேண்டும். ஒரே அலகால் இரண்டையும் சாதிக்க முனைவது இரண்டையும் கெடுப்பதாகும். இடத்தை எண்ணினால், ஜீவனஹள்ளியின் அடுக்குவீட்டுக் கூடத்தில் மேஜை ரம்பம் போட்டு எட்டடி ஷீட்டைத் தள்ள, முன்னே எட்டடியும் பின்னே எட்டடியும் வெட்டவெளி ஏது? பட்டறையில் மரம் ரம்பத்திடம் போகிறது. வீட்டில் ரம்பம்தான் மரத்திடம் போக வேண்டும். நாலடி அகலத்தை, அதாவது 1220 மில்லிமீட்டரைக் குறுக்கே அறுக்க 1400 அல்லது 1500 மில்லிமீட்டர் தண்டு போதும். 2440 மில்லிமீட்டர் நீளத்தைப் பிளக்க மூன்று மீட்டர் தண்டு வேண்டும். குறுகிய படிக்கட்டில் அது திரும்பாதென்றால் இரண்டு தண்டுகளை இணைத்துக்கொள்ள வேண்டும். இணைக்கும்போதெல்லாம் நேர்ச்சட்டம் வைத்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

காலத்தை எண்ணினால், இன்றைய வேகத்தைவிட இனி வரும் ஆண்டுகளே முக்கியம். தேய்ந்த கார்பன் பிரஷும் மாற்று உதடும் இதே ஊரில் கிடைக்குமா என்பது முதல் வெட்டின் அழகைவிடப் பெரிய விஷயம். ஒரு நிறுவனத்தின் தண்டை வாங்குவது அதன்பின் வாங்கப்போகும் ரம்பங்களையும் கட்டிவிடுகிறது: மகீட்டாவின் ரம்பம் ஃபெஸ்டூல் தண்டில் ஓடும், பாஷ் நிறுவனத்தின் தண்டு மாஃபெல்லுக்குப் பொருந்தும், ஆனால் முதல் ஜோடி இரண்டாம் ஜோடியின் தண்டில் ஓடாது. முன்செய்த தேர்வு பின்செய்யும் தேர்வுகளுக்கு எல்லை வகுக்கிறது என்ற கர்மக் கோட்பாடு கருவிப்பெட்டிக்குள்ளும் மெய்யாகிறது. பொருளை எண்ணினால், 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டம், தச்சு உள்ளிட்ட பதினெட்டுக் கைத்தொழில்களைச் சேர்ந்தவர்க்குக் கருவிக்கென 15,000 ரூபாய் வரையிலும், ஈடின்றி முதலில் ஒரு லட்சம் ரூபாய்க் கடனும் வகை செய்திருக்கிறது. தண்டோடு கூடிய தரமான ரம்பத்துக்கு முதல் தொகை போதாதெனினும் அது ஒரு கைகொடுப்பு.

இவ்வளவும் எண்ணிய பிறகே கருவி. தண்டின் மேட்டில் வைத்து இருபுறமும் அசைத்தால் ரம்பம் ஆடலாகாது. ஆட்டத்தை இறுக்கும் திருகுகள் எளிதில் பிடிபட வேண்டும். அலகு இறங்குவதும் ஏறுவதும் தடங்கலின்றி இருக்க வேண்டும். பின்தகடு இருக்க வேண்டும். தூசிக்குழாய் கழன்று விழாமல் பொருந்த வேண்டும். இவற்றுக்கு மேற்பட்ட அலங்காரங்களை நெஞ்சம் கேட்குமானால், கன்னட நாட்டில் சரணர் எனப்பட்ட சிவனடியார் ஒருவரின் இல்லத்தை நினைத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில், உழைப்பாகிய காயகத்தையே சிவபூஜையாகக் கொண்ட பசவண்ணரின் கூட்டத்தில், சிதறிய அரிசியைப் பொறுக்கி வாழ்ந்த ஆய்தக்கி மாரய்யா ஒரு நாள் வழக்கத்துக்கு மேல் கொண்டுவந்தபோது, அவர் மனைவி லக்கம்மா மிகுதியைத் திரும்பப் போட்டுவரச் சொன்னார். வாச்சி பிடித்துத் தச்சுத்தொழில் செய்த சரணர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் வசனம் பாடியிருக்கிறார். வேலைக்கு வேண்டியதைக் குறைத்து வாங்குவது வேலைக்குச் செய்யும் அநியாயம். வேண்டியதற்கு மேல் வாங்குவது ஆசைக்குச் செய்யும் ஆராதனை. இரண்டுக்கும் நடுவே நிற்பதே காயகம்.

வாங்கிய கருவியைச் சோதிக்கும் முறையிலும் ஓர் ஆன்ம சாதனை அடங்கியிருக்கிறது. ஒரு பலகையை நீளவாட்டில் அறுத்து, இரண்டு துண்டுகளில் ஒன்றை மட்டும் அடிமுகம் மேலாகப் புரட்டி, வெட்டிய விளிம்புகளை மீண்டும் ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். புரட்டாமல் சேர்த்தால், செங்குத்தாக விழாமல் சாய்ந்த வெட்டுகூடப் பொருந்திவிடும். அதனதன் குறையை அதனதன் இணை மறைத்துக்கொள்ளும். புரட்டிச் சேர்த்தால் பிழை இரட்டித்துத் தெரியும். நம்மை நாமே ஆராயும்போது பெரும்பாலும் நம் கோணலுக்கு இசைந்த அளவுகோலையே கையில் எடுக்கிறோம்; மாற்றானின் பக்கத்தில் நின்று பார்க்கும் துணிவு வந்தாலன்றி நம் பிழையின் முழு அளவு நமக்குப் பிரத்தியட்சமாவதில்லை.

இறுதியாக, இந்த விசாரணையில் பேசப்படாமலே போய்விடும் ஒருவர் இருக்கிறார். நம் இலக்கண ஆசிரியர்கள் கர்த்தாவை இயற்றுதற் கருத்தா என்றும் ஏவுதற் கருத்தா என்றும் இருவகைப்படுத்தி, தச்சன் கட்டிய கோயிலை முன்னதற்கும் அரசன் கட்டிய கோயிலைப் பின்னதற்கும் உதாரணமாகக் காட்டினார்கள். கல்லும் மரமும் தொடாத அரசனையும் அவர்கள் கர்த்தா என்றே கொண்டார்கள். ஜீவனஹள்ளியில் அலமாரி செய்யச் சொல்லும் இல்லத்தார் அந்த அரசனின் ஸ்தானத்தில் இருப்பவர். சதுர அடிக்கு இவ்வளவுதான் என்று கூலியை நெருக்கிவிட்டு, நேர்கோடு மட்டும் பிசகாமல் வேண்டும் என்று கேட்பவர், தச்சர் எந்தக் கருவியோடு வருவார் என்பதையும் தாமே தீர்மானித்துவிடுகிறார். மார்பிள் கட்டர் துள்ளி ஒரு விரல் போனால் அந்தச் செயலுக்கு இயற்றிய கர்த்தா மட்டுமல்ல, ஏவிய கர்த்தாவும் உண்டு. கதவின் செம்மையில் பெருமை கொள்ள அவருக்கு உரிமை உண்டென்றால், தூசியில் அடைந்த மூச்சிலும் அவருக்குப் பங்கு உண்டு. பலனில் கர்த்தாவாகவும் பாவத்தில் அந்நியனாகவும் ஒருவர் இருக்க முடியாது.

ஆகவே நல்ல ரம்பத்தைத் தேர்வது தச்சர் ஒருவரின் சுமையன்று. வேலை சொல்லும் இல்லத்தாரும் சேர்ந்து ஏற்க வேண்டிய தர்மம். கூலி பேசும்போதே, எதைக் கொண்டு அறுக்கிறீர்கள், தூசி எங்கே போகிறது என்று கேட்டு, அதற்கு ஆகும் செலவைக் கணக்கில் சேர்த்துக் கொடுப்பவர் ஆயுதபூஜையின் பொருளை ஆண்டுக்கு ஒரு நாளன்றி எல்லா நாளும் அனுஷ்டிப்பவர் ஆவார். நேர்கோடு யாருடையது என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு என் விடை இதுதான்: அதை எவரும் தனக்கென்று கொண்டாட முடியாது, அது விழுவதற்கான விலையைத் தச்சரின் உடம்பு மட்டும் கொடுக்காதபடி பார்த்துக்கொள்வது நம் எல்லோருக்கும் கடமை.